எண்ணெய்க் காலுக்கு ஒரு விரிப்பு

தைரியம் முழுவதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்ட என் அக்காவுக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. இந்த வருஷம் கொஞ்சம் முந்திக்கொண்டது. காலையில் கதவைத் திறந்தால் மலை இருந்த இடத்தில் மேகம்தான் நிற்கிறது. துணி எதுவும் காயவில்லை. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று ஆட்டோக்காரர்கள் சொல்கிறார்கள். நீ இருந்திருந்தால் இந்நேரம் பட்டறையைப் பூட்டிவிட்டு, தோளில் ஒரு துண்டோடு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாய். பாறை வழுக்கும், நான் வரவில்லை என்பேன். "ஏட்டி, குளிக்கத்தானே கூப்புடுதேன், என்னமோ கொல்லக் கூப்புட்ட மாதிரி முழிக்க" என்பாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருந்தவரை என் பயத்தை எல்லாம் உன் முன்னால் கொட்டுவேன், நீ சிரிப்பாய், அதிலேயே பாதி போய்விடும். நான் கல்யாணமே செய்துகொள்ளாததும் பயத்தினால்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாயே. இப்போது சிரிக்க ஆளில்லாமல் எல்லாப் பயமும் எனக்குள்ளேயே கிடந்து ஊறுகிறது.

இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. நீ கண்டுபிடித்த வினைல் விரிப்பைத் தங்கள் வீட்டிலோ லாட்ஜிலோ போட்டிருப்பவர்கள் கண்ணிலும் இது பட வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்காமல் குளித்தால் குளித்த மாதிரியே இருக்காது. அருவியில் எண்ணெய் கூடாது என்று ஆன பிறகு, மசாஜ் எல்லாம் லாட்ஜுக்குள் வந்துவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அறைக்கும் வராந்தாவுக்கும் நடக்கிறார்கள். போதாததற்கு அருவியில் இருந்து சொட்டச் சொட்ட வருகிற கூட்டம் வேறு. டைல்ஸ் தரையில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சீசனிலும் யாராவது விழுவார்கள். இடுப்பு, மண்டை, முழங்கை. "வந்த இடத்துல நேரம் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள்.

நீ மட்டும்தான் அதை நேரத்தின் மேல் போடவில்லை. அத்தான் போன பிறகு மலைக்கு அந்தப்பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் எத்தனையோ வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நீ. "வழுக்காத செருப்பு செய்யத் தெரியுது. வழுக்காத தரை செய்ய வராதா?" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாய். நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன். உன் வாயில் இருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால் அடுத்து நம் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

பழைய பிரஸ் மெஷின் ஒன்று வந்து பின்கட்டில் இறங்கியது. முதலில் நீ எடுத்த ஷீட்டில் வாடை தாங்கவில்லை. அடுத்தது சித்திரை வெயிலில் அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டது. இன்னொன்று காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உன் முகத்தில் கவலையே இல்லை. அடியில் மெத்தென்று ஓர் அடுக்கு, நடுவில் படம், மேலே கண்ணாடி மாதிரி ஓர் அடுக்கு, மூன்றையும் சூட்டில் அழுத்தினால் ஒன்றாகிவிடும். இது எல்லோரும் செய்வதுதான். நீ செய்தது வேறு. படத்தில் இருக்கும் கோலத்தின் கோடுகளை மட்டும் தகட்டில் வெட்டி, அந்தக் கோடுகள் தரையில் புடைத்து நிற்கும்படி செய்தாய். அந்தக் கோட்டுக்குள் மணலை விட நுணுக்கமான ஒரு தூளைச் சேர்த்தாய். எண்ணெய் கோடுகளுக்கு இடையில் வடிந்துவிடும், கால் கோட்டின் மேல் பிடித்துக்கொள்ளும்.

எல்லா இடத்திலும் சொரசொரப்பாக இருந்தால் அழுக்குப் பிடிக்கும், துடைக்கிற துணி மாட்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்காது என்று லாட்ஜ்காரர்கள் சொன்னார்கள். அதனால்தான் கோலத்தில் மட்டும் பிடிப்பு. நடுவில் பெரிய குத்துவிளக்கு, அதைச் சுற்றி இழைக்கோலம், சுவரை ஒட்டி ஒரு முழத்துக்குக் கோடே இல்லாமல் பளபளவென்று ஒரு கரை. கரையை அப்படி விட்டால்தான் நடுவில் இருக்கும் கோலம் எடுப்பாகத் தெரியும் என்று நீதான் சொன்னாய். தெரிந்தது அக்கா. பட்டுப்புடவையை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. நான்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிறகு சோதனைகளை ஆரம்பித்தாய். தெருவில் போட்டு ஆட்டோவை ஏற்றி இறக்கச் சொன்னாய். இரும்புக் கட்டிலை அதன் மேல் இழுத்தாய். கோடு கலையவில்லை, சாயம் போகவில்லை. கடைசியில் நல்லெண்ணெயை ஊற்றி, தண்ணீரைத் தெளித்து, அக்கம்பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு "நடங்க" என்றாய். எல்லோரும் நடந்தார்கள். யாருக்கும் வழுக்கவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "சுவத்த விடுட்டி, தரை பிடிச்சுக்கிடும்" என்று கத்தினாய். விட்டேன். பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஒரு நிமிஷம் எனக்குப் பயமே இல்லை என்று உனக்குச் சொல்லவே இல்லை, இல்லையா?

சீசனுக்கு முன்னாலேயே சண்முகம் அண்ணாச்சி தன் லாட்ஜ் வராந்தா முழுக்க அதைப் போடச் சொன்னார். இன்னும் சில வீடுகளுக்கும் கொடுத்தோம். நம் வீட்டுக் கூடத்திலும் போட்டாய். உன் மகள் பவானி பிரசவத்துக்கு வரும்போது புதுத்தரை இருக்க வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். போட்டு முடித்த வாரம் உனக்குக் காய்ச்சல். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது நான் ஆம்புலன்ஸில் உன் காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பவானி வந்துவிட்டாள். சிவகிரியில் அவள் மாமியார் வளைகாப்பை எளிமையாக முடித்துவிட்டு, "அம்மா இல்லாத வீட்டுக்குப் போயி என்ன செய்யப்போற, இங்கனயே இரு" என்று நல்லபடியாகத்தான் சொன்னார்களாம். இவள் கேட்கவில்லை. "எங்கம்மா எனக்குன்னு போட்ட தரை அங்க இருக்கு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உன் பிள்ளை வேறு எப்படி இருப்பாள்? வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது. ஆட்டோவில் ஏறினால் பயம், தும்மினால் பயம், மாடிப்படியைப் பார்த்தாலே பயம். அவளுக்கு இல்லை, எனக்கு.

அந்த நிலைமையில்தான் அண்ணாச்சியின் போன் வந்தது.

"தாயி, ஒரு அம்மா விழுந்துட்டாவ. நம்ம விரிப்புலதான். கை மணிக்கட்டு முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. தலை சுவத்துல அடிச்சிருந்தா என்னத்துக்கு ஆவும்? நீ ஒருக்கா வந்து பாரு."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னார். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போது ஒரே நினைப்புதான். அந்த வராந்தாவின் கடைசி ஷீட்டுகள் நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நான் பிரஸ்ஸில் எடுத்தவை. சூடு குறைந்திருக்குமோ? தூள் சரியாகப் பிடிக்காமல் எண்ணெயோடு வந்துவிட்டதோ? நான்தான் அந்த அம்மாவின் கையை முறித்தேனோ?

விழுந்தவரை முதலில் போய்ப் பார்த்தேன். விருதுநகர்ப் பக்கம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு டீ வாங்கி வரும்படி மகனிடம் சொன்னார். அந்த டீயை ஆற விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

பிறகு வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவினேன். எண்ணெய் ஊற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நானே நடந்தேன். நீ எடுத்ததும் சரி, நான் எடுத்ததும் சரி. எல்லாக் கோடும் பிடித்தது. ஒரு குறையும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. குறை இருந்தால் சரிசெய்யலாம். குறையே இல்லாத தரையில் ஒருத்தர் விழுந்தால் நான் எதைச் சரிசெய்வேன்?

மறுநாள் காலையில் பவானிக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு, லாட்ஜுக்குப் போய் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் வருகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருவியில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. எல்லோர் காலும் மினுமினுவென்று இருந்தது. அம்மாக்காரி முன்னால், பின்னால் மாமியார், கடைசியில் ஒரு பொடியன். விரிப்பின் நடுவுக்கு வந்ததும் அந்த அம்மா சட்டென்று விலகிச் சுவரோரமாக நடந்தாள். மாமியாரும் விலகினார். பொடியன் மட்டும் நேரே ஓடினான்.

"ஏலே, விளக்க மிதிக்காத. ஓரமா வா."

அவன் ஓரத்துக்கு வந்தான். அங்கே கால் சறுக்கியது. பாட்டியின் சேலையைப் பிடித்து நின்றுகொண்டான்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஏம்மா, நடுவுல நடக்க வேண்டியதுதானே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "விளக்குல்லா வரைஞ்சிருக்கு. இந்த ஈரக்காலோட அதப்போயி மிதிக்கவா சொல்லுதிய?"

அப்புறம் வந்தவர்களை எல்லாம் பார்த்தேன். பெரியவர்கள் சுற்றிப் போனார்கள். சின்னவர்களைப் பெரியவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு காலேஜ் பையன்கள் மட்டும் பேச்சு மும்முரத்தில் விளக்கின் மேலேயே போனார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடிப்பு முழுவதையும் நாம் நடுவில் வைத்துவிட்டு, அத்தனை பேரையும் வழுவழுவென்ற ஒரு முழக் கரைக்கு அனுப்பியிருக்கிறோம் அக்கா. எண்ணெயும் அங்கேதான் போய்த் தேங்குகிறது. கை முறிந்த அம்மாவும் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "நானும் ஓரமாத்தான் நடக்கேன் தாயி. நீ சொன்ன பெறவுதான் எனக்கே தெரியுது."

நம் வீட்டில் சோதனை செய்தபோது இது ஏன் தெரியவில்லை? நீ "நடங்க" என்றாய். ஒருத்தர் நடக்கச் சொன்னால் ஆட்கள் எதன் மேலும் நடப்பார்கள். யாரும் சொல்லாதபோது எங்கே நடப்பார்கள் என்று நாம் பார்க்கவே இல்லை. பிறந்ததில் இருந்து விளக்கைத் தாண்டாமல், கோலத்தை மிதிக்காமல் வளர்ந்தவர்கள் நாம். அது நமக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. உனக்கே படவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பவானி. நம் கூடம். குளியலறைக் கதவைத் திறந்தால் அதே விளக்கு, அதே கரை.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. அது அவள் குளிக்கிற நேரம். நான் வீட்டில் இல்லாததால் நிதானமாகத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாள் என்று தோன்றியதும் வெளியே ஓடினேன். ஆட்டோவில் ஏறி, போகிற வழியில் இருக்கிற சாமியை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உன்னையும் கூப்பிட்டேன். திட்டவும் செய்தேன். விளக்கு வரைய உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல, ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கதவைத் திறந்தபோது பவானி அப்போதுதான் குளியலறையில் இருந்து வெளியே வந்திருந்தாள். தலையில் துண்டு. ஒரு கை வயிற்றில், ஒரு கை சுவரில். கரையின் மேல், சுவரை ஒட்டி, ஈரக்காலோடு, அடி மேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நில்லு. அங்கனயே நில்லு."

"என்ன சித்தி, பேயைக் கண்ட மாதிரி வாரிய?"

"அசையாத. அப்படியே நடுவுல வா. விளக்கு மேல கால வை."

அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாட்டேன்."

"ஓரம் வழுக்கும் பவானி. அங்க பிடிப்பு கிடையாது. உங்கம்மா பிடிப்ப எல்லாம் அதுலதான் வச்சிருக்கா."

"வந்த நாள்ல இருந்து இப்படித்தான் போறேன். ஒண்ணும் ஆவல. அம்மா கடைசியா செஞ்சது அது. அத மிதிச்சா அம்மாவ மிதிச்ச மாதிரி இருக்கு சித்தி. என்னால முடியாது."

வந்த நாளில் இருந்து. கேட்டாயா? நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. உன் காரியம் முடிந்த பிறகு ஒருநாள்கூட நான் அந்த விளக்கின் மேல் நடக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், நீ எங்களுக்காகச் செய்த தரையை விட்டுவிட்டு, வழுக்குகிற இடத்திலேயே நடந்திருக்கிறோம்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு விளக்கின் மேல் போய் நின்றேன். நின்றதும் அழுகை வந்துவிட்டது. காலுக்கு அடியில் உன் கோடுகள் நறநறவென்று பிடித்தன. அவளை நோக்கிக் கையை நீட்டினேன். என்ன பேசுவது என்று யோசித்துப் பேசவில்லை, தானாக வந்தது.

"அவ வயித்துக்குள்ள இருக்கையில நீ அவள எம்புட்டு மிதிச்ச தெரியுமா? ராத்திரி முழுக்கத் தூங்க விடமாட்ட. அப்ப அவ ஒன்ன கோவிச்சாளா? என் கையைப் பிடிச்சு வயித்துல வச்சு, பாரு மிதிக்கா, பாரு மிதிக்கான்னு சிரிப்பா. இப்ப மட்டும் கோவிச்சுக்கிடப் போறாளாக்கும்? வா."

அவள் வலதுகாலைத் தூக்கினாள், வைக்கவில்லை. பிறகு விளக்கின் அடித்தட்டில் மெதுவாக வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை அக்கா.

இப்போதைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி லாட்ஜில் கரை நெடுக, பின்பக்கம் வழுக்காத மிதியடிகளைப் போட்டிருக்கிறார். மசாஜ் செய்கிறவர்களைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டார். வெட்டுகிறவரிடம் புதுத் தகடு சொல்லியிருக்கிறேன். சுவரில் இருந்து சுவர் வரைக்கும் கோடு. விளக்கு இல்லை, கோலம் இல்லை, வெறும் இலைகள்தான். இலையை மிதிக்க யாரும் யோசிக்க மாட்டார்கள். உன்னுடையது அளவுக்கு அழகாக வராது. கோவித்துக்கொள்ளாதே. வந்ததும் எல்லா இடத்திலும் மாற்றிப் போட்டுவிடுவேன்.

அதுவரைக்கும், நம் விரிப்பைப் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து விளக்கின் மேலேயே நடங்கள். வருகிற விருந்தாளிகளையும் நடக்கச் சொல்லுங்கள். மிதித்து நடக்கத்தான் என் அக்கா அதைச் செய்தாள். பாவம் ஒன்றும் வராது, வந்தால் அது எங்கள் குடும்பத்தோடு போகட்டும்.

நம் கூடத்து விரிப்பை மட்டும் எடுக்க பவானி விடமாட்டேன் என்கிறாள். சரி, இருக்கட்டும். இப்போது நான் முன்னால் நடக்கிறேன், அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. பிரசவத்தை நினைத்தால் அதைவிடப் பயம். இனி யாருக்கு ஒரு ஷீட் கொடுத்தாலும், அவர்களுக்குத் தெரியாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்காமல் கொடுக்க மாட்டேன். பயந்தவளுக்கு அந்த வேலை நன்றாக வரும் என்று இப்போது தோன்றுகிறது.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். உன் பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, குப்புற விழுந்து, தவழ ஆரம்பிக்கும்போது, நம் வீட்டில் யாரும் அதை விளக்கைச் சுற்றிப் போகச் சொல்ல மாட்டோம். அது உன் மேலேயே தவழும்.

பவானியின் சித்தி,
உன் ஒரே தங்கச்சி
மல்லிகா